ரிப்போர்ட்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

கே: மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து, அப்பாவுக்கு ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்கள். மறுநாளே சிஆர்பி எகிறிவிட்டது. கிருமி தொற்றிவிட்டதா?

ப: மண்டை ஓட்டைத் திறந்த மறுநாள் சிஆர்பி ஏறாவிட்டால்தான் ஆச்சரியம்! உடலில் காயம் பட்டதும் கல்லீரல் சுரக்கத் தொடங்கும் அழற்சிப் புரதம் இது. இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால் தையல், நுரையீரல், சிறுநீர் என்று டாக்டர்கள் தேடுவார்கள். ஒருநாள் எண்ணை வைத்துப் பதறாதீர்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேளுங்கள்.

கே: நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் அதிகமானால் தேறுவது கஷ்டமாமே?

ப: ரத்தத்தின் இரு வகை வெள்ளணுக்களை ஒப்பிடும் அந்த விகிதம் அதிகமாக இருந்தவர்களில் கணிசமானோர் சரியாகத் தேறவில்லை என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் அப்பாவின் ஜாதகம் அல்ல. கசிந்த ரத்தம் அதிகமானால் மூளைக்கு அடி அதிகம், அழற்சியும் அதிகம், அதனால் விகிதமும் ஏறும். ஸ்டீராய்டு கொடுத்தாலே இந்த விகிதம் கூடிவிடும். வயது, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நினைவு இருந்ததா, ஸ்கேனில் எவ்வளவு ரத்தம் தெரிந்தது: முதலில் பார்க்க வேண்டியவை இவையே.

கே: அழற்சியை மருந்தால் அடக்கிவிட்டால்?

ப: ஆசை நியாயமானது. அழற்சியையும் தணிக்கும் என்ற நம்பிக்கையில் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்தை இதே ரத்தக்கசிவு வந்த 803 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால் பலன் இல்லை. முடிவு 2014-இல் வெளியானது. அழற்சிக்காக அல்ல, இந்த ரத்தக்கசிவிலிருந்து தேற உதவும் என்று நிரூபணமான மருந்து நிமோடிபின். வழக்கமாக 21 நாள். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

கே: மூன்று மாதமாயிற்று. நன்றாக நடக்கிறார். ஆனால் மறதி, சோர்வு, எதற்கெடுத்தாலும் கோபம். மாதாமாதம் சிஆர்பி பார்க்கட்டுமா?

ப: வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றையும் சிஆர்பி காட்டாது. நடை திரும்பியதும் "குணமாகிவிட்டார்" என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. அவரோ கடைக்குப் போய் எதை வாங்க வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீர்கள், அது மூளைக் காயத்தின் மிச்சம். நினைவாற்றல் பரிசோதனையும் மனச்சோர்வுக்கான சிகிச்சையும் கேட்டு வாங்குங்கள். மாதங்கள் கடந்தும் முன்னேற்றம் வரும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், சிகரெட் பழக்கமிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். திடீர்த் தலைவலி, அசாதாரணத் தூக்கம், காய்ச்சல் என்று எது வந்தாலும் லேபுக்குப் போய்க் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.