பூனைக்கு யார் சோறு போட்டது?

எங்கள் வீட்டுப் பூனைக்கு ஒல்லி என்று பேர். குட்டியாக வந்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்ததும் அவன் வாழ்க்கையிலிருந்து காதல், மதில் சண்டை இரண்டும் விலகின. மிச்சமிருந்தது சாப்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தீனி குறைவாகப் போதும். பசி மட்டும் கூடும். யார் போட்ட கணக்கோ!

பூனைக்குக் குளியல் வேண்டாம் என்பார்கள். உண்மைதான். அதன் நாக்கில் வளைந்த முட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் குழி. எச்சிலை அள்ளி ரோமத்தின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் நாக்கு போய்ச் சேர வேண்டுமே. ஒல்லி பின்னங்காலைத் தூக்குவான், கழுத்தைத் திருப்புவான், பாதி வழியில் தொந்தி வந்து மறிக்கும். உடனே, அந்தப் பக்கம் போகும் உத்தேசமே தனக்கு இல்லை என்பதுபோல முன்னங்காலை நக்க ஆரம்பித்துவிடுவான். விளைவு, இடுப்புக்குப் பின்னால் பொடுகும் சடையும். வாலுக்கு அடியில் இருந்த நிலவரத்தை எழுதப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆக அந்தப் பின்பகுதி இலாகா என்னிடம் வந்தது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, ஒரு சீப்பு, துணைக்கு ஓர் ஆள். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. பூனையின் மெல்லிய தோலும் சடையோடு எழும்பி வந்து வெட்டுப்படும். “சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு, சீயக்காய் போட்டு வெந்நீர் ஊத்தினா சரியாயிடும்டா” என்றாள் அம்மா. பூனைமேல் எதைப் பூசினாலும் நக்கி நக்கிக் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும் என்று விளக்கினேன். “அப்ப ரெண்டு நாள் பட்டினி போடு” என்றாள்.

அது இன்னும் ஆபத்து. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் போல மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு எடை பார்க்க வேண்டும். மெஷினில் ஒல்லி தனியாக நிற்க மாட்டான். முதலில் நான் மட்டும் ஏறி, பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துப் பார்த்தோம். 7 கிலோ 200. சாதாரணப் பூனைக்கு 4, மிஞ்சினால் 5 போதும். கழிப்பதற்கு முந்தைய எண்ணையும் என் மனைவி காலண்டரில் குறித்துக்கொண்டாள். அது தேவையா என்று நான் கேட்கவில்லை.

தீனியை அளந்து வைத்தோம். துகள்களைக் கூடத்தில் உருட்டிவிட்டு அவனை ஓடவைத்தோம். எடை அசையவில்லை. விசாரித்ததில், எங்கள் ஒல்லி கீழ்வீட்டு மாமிக்குக் கண்ணன், வாட்ச்மேனுக்கு டைகர், எதிர் ஃபிளாட் பையனுக்கு வேறு ஏதோ இங்கிலீஷ் பேர் என்று தெரிந்தது. பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

“மாமி, அவனுக்குப் பால் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“பாலா? நான் எங்க பால் குடுக்கறேன்? வெறும் தயிர்சாதம்தான். அப்புறம் தொண்டைய அடைக்காம இருக்க ஒரு வாய் பால்.”

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. மாமியின் அன்பு மறுநாள் காலை என் ஈரத்துணியில் வந்து முடிந்த மர்மம் அப்போதுதான் விளங்கியது.

வாட்ச்மேன் சத்தியம் செய்தார். “நான் ஒண்ணுமே வெக்கல சார். பிரியாணி எலும்பு மட்டும்தான்.” வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும் என்றதும் பதறிப்போய், இனிமேல் கறி மட்டும் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். பையன் கொடுத்தது கிரீம் பிஸ்கட். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதற்கான மரபணு வேலை செய்வதில்லை. கொழுப்புக்காகத் தின்றானோ, பையன் மனம் கோணக் கூடாதென்று தின்றானோ.

எல்லோரையும் ஒருவழியாக நிறுத்தியதும் ஒல்லி இறங்கத் தொடங்கினான். இப்போது இடுப்புவரை அவனே நக்கிக்கொள்கிறான். மாமிக்குத்தான் தாங்கவில்லை. “இளைச்சுத் துரும்பாயிட்டானே! உங்காத்துல போடறதில்லையா?” அவனுக்கென்று பிசைந்து பழகிய தயிர்சாதத்தை வீணாக்க மனமில்லாமல் டப்பாவில் போட்டு எனக்குக் கொடுத்தனுப்புகிறாள். பெரியவர்கள் கொடுப்பதை மறுக்கலாமா? ஒல்லி குறைந்துகொண்டே வருகிறான். அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினால் மட்டும் மெஷின் பழைய எண்ணையே காட்டுகிறது.