நம்பிக்கை இருக்கட்டும், பில்லு எங்கடா?

வாடா பேராண்டி. தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதுக்குச் செலவு கண்டுபுடிச்சிட்டியாமே? சாம்சங் போன் வாங்கப் போறேன்னு நீ சொல்ல, 'அது வெடிக்கிற போனாச்சே'ன்னு உங்க அப்பாயி குறுக்க விழ, கடைசில பஞ்சாயத்து என் திண்ணைக்கு வந்திருக்கு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பத் தாண்டாதவன். ஆனா ரேடியோவையும் பேப்பரையும் விடுறவன் இல்ல. தேயிலை வெலை ஏறுதா எறங்குதான்னு பாக்கப் போயி, கொரியாக்காரன் கதை வரைக்கும் படிச்சு வெச்சிருக்கேன். உக்காரு.

உங்க அப்பாயி சொன்னது பொய் இல்ல, பழைய சேதி. 2016 ஆகஸ்ட் 19ஆம் தேதி கேலக்ஸி நோட் 7னு ஒரு போன் கடைக்கு வந்துச்சு. அமெரிக்காவுல வெலை 850 டொலர் பக்கம். அன்னிக்கு டொலர் போன வெலைக்கு, ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாவுக்கு மேல. அதே வருசம் ஒக்டோபர் 18ஆம் தேதி நம்ம தலைவருங்க கூட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு வாங்கித் தந்த நாள் சம்பளம் 730 ரூபா. அதுலயும் அடிப்படை 500தான். மிச்சம், ஒழுங்கா வேலைக்கு வந்தா உண்டு, கொழுந்து நெறஞ்சா உண்டுங்கிற ரகம். ஆக, அந்தப் போனை வாங்க 160 நாளைக்கு மேல பேரு போடணும், அதுவும் ஒரு ரொட்டி கூடத் திங்காம. அதனாலதான் நம்ம லயத்துல ஒரு நோட் 7 கூட வெடிக்கல. வெடிக்கிறதுக்கு மொதல்ல வாங்கணும் பாரு! சம்பளத்தைக் கூட்டாம வெச்சிருந்த புண்ணியவானுங்க நம்மள எப்படிக் காப்பாத்தியிருக்கானுங்கன்னு இப்பத்தான் எனக்கே வெளங்குது.

சரி, அங்க என்ன நடந்துச்சு? கடைக்கு வந்து ரெண்டு வாரம். உலகம் பூரா 35 இடத்துல பேட்டரி சூடாகிக் கருகிருச்சு. செப்டெம்பர் 2ஆம் தேதி கம்பெனியே வாயத் தெறந்து, '25 லட்சம் போனையும் திருப்பித் தாங்க, வேற தர்றோம்'னு சொல்லிருச்சு. பேட்டரி ஒரு எடத்துல செஞ்சது சரியில்லன்னு, இன்னொரு எடத்துல செஞ்ச பேட்டரியப் போட்டு மாத்திக் குடுத்தானுங்க. சனங்களும் சந்தோசமா வாங்கிட்டுப் போச்சு. ஒக்டோபர் 5ஆம் தேதி அமெரிக்காவுல லூயிவில் ஊர்ல கெளம்ப நின்ன பிளேனுக்குள்ள ஒருத்தரு போன் பொகைய ஆரம்பிச்சிருச்சு. அத்தனை பேரையும் எறக்கி விட்டாங்க. அது எந்தப் போன் தெரியுமா? பழசக் குடுத்துட்டு மாத்தி வாங்குன புதுசு! ஒரே வாரத்துல, 11ஆம் தேதி, 'இனிமே இந்தப் போனையே செய்யமாட்டோம்'னு கடையச் சாத்திட்டானுங்க. அடுத்த சில நாள்ல, இந்தப் போனோட பிளேன்ல ஏறக்கூடாதுன்னு அமெரிக்கா தடை போட்டுருச்சு.

பேரு கெட்டா எப்படிக் கெடும்னு கேளு. அதே செப்டெம்பர் மாசம் சிங்கப்பூர்ல இருந்து மெட்ராசுக்கு வந்த இண்டிகோ பிளேன்ல ஒரு பையிலருந்து பொகை. பாத்தா சாம்சங் நோட் 2. சில வருசத்துக்கு முந்தி வந்த போன். நோட் 7க்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா பேர்ல 'நோட்' இருக்கே! தம்பி செஞ்ச தப்புக்கு அண்ணனையும் பெரட்டுக் களத்துல நிறுத்துற மாதிரி ஆச்சு.

திருப்பி வாங்குன அழகையும் கேளு. நெருப்புத் தாங்குற பொட்டி ஒண்ணு அமெரிக்காக்காரன் வீட்டுக்குத் தபால்ல போகுது. பொட்டியோட கையுறையும் போகுது. எதுக்குன்னா, அந்தப் பொட்டிக்குள்ள ஒட்டியிருக்குற நாரு சிலரு தோலுக்கு ஒத்துக்காதாம். ஒரு தடவை பொட்டியத் தொடுறவனுக்குக் கையுறை! காலம் பூரா மலையில மருந்தடிச்சவங்க கையப் பாத்திருக்கியாடா நீ? கையுறை கேட்டா, 'அடுத்த மாசம் பாப்போம்'. அந்த அடுத்த மாசம் எந்தக் கலண்டர்லயும் வரல.

இன்னொரு கூத்தும் உண்டு. அவ்வளவு சொல்லியும் சில பேரு போனைத் திருப்பித் தரமாட்டேன்னு கட்டிப் புடிச்சிட்டு இருந்தானுங்க. கம்பெனி என்ன செஞ்சுச்சு? டிசெம்பர்ல தூரத்துல இருந்தே போனுக்குள்ள ஒரு அப்டேட்டை அனுப்பி, சார்ஜே ஏறாமப் பண்ணிருச்சு. அடகு புடிக்கிறவனுக்குக் கூடத் தெரியாத வித்தை.

அப்புறம் 2017 சனவரி 23ஆம் தேதி எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக் காரணத்தைச் சொன்னானுங்க. 700 பேரைப் போட்டு, ரெண்டு லட்சம் போனையும் 30,000 பேட்டரியையும் சோதிச்சுப் பாத்தானுங்களாம். பேட்டரிக்குள்ள ரெண்டு தகடு, ஒண்ணு மேல ஒண்ணு படாம நடுவுல மெல்லிசா ஒரு மறைப்பு. அது ரெண்டும் தொட்டுக்கிட்டா சூடு, சூடு ஏறினா நெருப்பு. மொதல்ல போட்ட பேட்டரியில எடம் பத்தாம மூலையில தகடு வளைஞ்சு போச்சு. அதச் செஞ்சது சாம்சங்கோட சொந்தக்காரக் கம்பெனியேதான். மாத்திப் போட்ட பேட்டரியில வெல்டிங் வெச்ச எடத்துல பிசிறு நீட்டி மறைப்பைக் குத்திருச்சு. சிலதுல ஒட்டவேண்டிய டேப்பையே ஒட்டல. ரெண்டு பேட்டரி, ரெண்டு நோவு. மொத நோவைச் சரியாப் பாக்காம மருந்து குடுத்த அவசரத்துலதான் ரெண்டாவது தடவ மானம் போச்சு. நட்டம் 500 கோடி டொலருக்கு மேல.

இவ்வளவு நடந்தும் சனம் விட்டுட்டுப் போயிருச்சா? போகல. அந்த வருசமே எஸ் 8 வந்துச்சு, நோட் 8 வந்துச்சு, வரிசையில நின்னு வாங்குச்சு. 2017லயும் உலகத்துல அதிகமாப் போன் வித்தது அதே சாம்சங்தான். இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. கவ்வாத்து வெட்டுன மலையப் பாத்தா மொட்டையா, பாவமாத்தான் இருக்கும்; ஆனா கொழுந்து அங்கதான் வரும். வெட்டாம விட்ட செடி பாக்கப் பச்சையா நிக்கும், கூடைக்கு ஒண்ணும் தேறாது. சாம்சங்காரன் மொதத் தடவ மேலாப்புல வெட்டுனான், ரெண்டாந் தடவ அடியோட வெட்டுனான். தழைச்சிருச்சு.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. நோக்கியா 1100 ஞாபகம் இருக்கா? உனக்கெங்க இருக்கப் போகுது, நீ அப்போ கைப்புள்ள. தலையில டோர்ச் லைட் வெச்ச போன். விடியக் காலைல பெரட்டுக்குப் போகவும், ராத்திரி கக்கூசுக்குப் போகவும் நமக்குப் பேச்சை விட அந்த வெளிச்சந்தான் பிரயோசனம். அதுல கெடந்த பேட்டரி பிஎல்-5சி. 2007 ஆகஸ்ட் 14ஆம் தேதி நோக்கியாவே சொல்லிருச்சு: ஜப்பான்ல மட்சுஷிட்டா செஞ்ச 4 கோடியே 60 லட்சம் பேட்டரி, சார்ஜ் போடுறப்போ சூடேறலாம், நம்பரைப் பாத்துச் சும்மாவே மாத்திக்கங்கன்னு. நோக்கியா அதுலயா செத்துச்சு? இல்ல. தொட்டா ஓடுற போன் வந்தப்போ தூங்கிட்டுக் கெடந்துச்சு, அதுல செத்துச்சு. சனம் தப்பை மன்னிக்கும்டா; தூக்கத்தை மன்னிக்காது.

இப்போ நம்ம நாட்டுக்கு வா. 2021 கடைசியில ஊருக்கு ஊரு கேஸ் அடுப்பு வெடிச்சுச்சே, மறந்துட்டியா? தீபாவளிக்கு வெடி வாங்காத வீட்டுலயும் சத்தம் கேட்டுச்சு. அப்போ என்ன சொன்னானுங்க? குழாய் சரியில்ல, ரெகுலேட்டர் சரியில்ல, அடுப்புப் பழசு, சவக்கார நுரையத் தடவிப் பாருங்க. ஆக, குத்தம் வாங்குன நம்ம மேல! அப்புறம் சனாதிபதி போட்ட குழு, பேராசிரியர் ஒருத்தர் தலைமையில ஆராஞ்சு டிசெம்பர்ல சொல்லிருச்சு: சிலிண்டருக்குள்ள புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறுனதுதான் முக்கியக் காரணம்னு. அதே வருசத் தொடக்கத்துல லிட்ரோ கேஸ் கம்பெனி 12.5 கிலோ சிலிண்டருக்குப் பக்கத்துல, அதே மாதிரிச் சிலிண்டர்ல 9 கிலோ சொச்சத்தை அடைச்சு '18 லீட்டர்'னு வித்த கூத்தும் உண்டு. கிலோ போயி லீட்டர் வந்துச்சுன்னா எங்கயோ கொறையுதுன்னு அர்த்தம். நெறுவைத் தராசுக்கு முன்னாடி வயசு போனவங்க நாங்க, எங்களுக்கா தெரியாது?

இதுல உனக்குப் பாடம் என்னன்னா, 2022ல அதே சிலிண்டருக்கு நாடே நாள்கணக்குல ரோட்டுல வரிசை கட்டி நின்னுச்சு. அதைப் பாத்து, 'அடேங்கப்பா, சனத்துக்கு என்னா நம்பிக்கை'ன்னு சொல்லுவியா? நம்பிக்கை இல்லடா அது, கதியில்ல. சாம்சங் சரியில்லன்னா பக்கத்துல பத்துக் கம்பெனிக்காரன் கூப்பிடுறான், அதனாலதான் அவன் தலையக் குனிஞ்சு பொட்டி அனுப்பினான். வேற கடை இல்லாத எடத்துல எவனும் குனியமாட்டான். சந்தையில நிக்கிற கூட்டத்தைப் பாத்துச் சாமான் நல்லதுன்னு முடிவு பண்ணாத. பக்கத்துல வேற கடை இருக்கான்னு பாரு.

இவ்வளவு நேரம் சிரிச்சிட்டே சொன்னேன், இதுக்கு மட்டும் நான் சிரிக்கல. நம்ம பதுளை மாவட்டத்துல, கொஸ்லாந்தை மீரியபெத்தையில, அந்த மலை சரியும்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் சொல்லிச்சு, 2011லயும் சொல்லிச்சு. போங்கன்னு சொன்னாங்க, எங்க போறதுன்னு ஒரு எடத்தைக் காட்டல. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில மலை வந்து லயத்தை மூடிருச்சு. 'ஆபத்து, விட்டுரு'ன்னு சொல்றது பாதி வேலை. 'இந்தா, இதை வெச்சுக்கோ'ன்னு பதிலுக்கு ஒண்ணைக் கையில குடுக்கணும், அதுதான் மீதி வேலை. 850 டொலர் போனுக்குக் கெடைச்ச அந்த மீதி வேலை நம்ம உசுருக்குக் கெடைக்கல.

இப்போ உன் விசயத்துக்கு வர்றேன். சாம்சங்காரன் திருந்திட்டானான்னு கேக்குறியே, அதை விட்டுத் தள்ளு. பதுளை டவுன்ல போன் வாங்கிட்டு வர்றேன்னு போறியே, அந்தக் கடைக்காரன் உனக்குப் பில்லு தர்றானா? பொட்டி தர்றானா? 'பில்லு இல்லாட்டி ரெண்டாயிரம் கொறைச்சுத் தர்றேன் மல்லி'ன்னு மொதலாளி தோளத் தட்டுவாரு. நீயும் பல்லக் காட்டுவ. நாளைக்கே கம்பெனி, 'இந்த நம்பர்லருந்து இந்த நம்பர் வரைக்கும் போனைத் திருப்பித் தாங்க'ன்னு சொல்லிச்சுன்னு வையி. எவன் கையில வாங்குனேன்னு என்னத்தைக் காட்டுவ? உன் பல்லையா? கொரியாவுல இருக்குறவன் மன்னிப்புக் கேட்டா அது பில்லு இருக்குறவன் வீட்டுக்குத்தான் வரும். பில்லு இல்லாதவன் வீட்டுக்கு வர்றது தீ மட்டும்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி போன்ல *#06# அடி. 15 இலக்கத்துல ஒரு நம்பர் வரும், அதுதான் ஐஎம்ஈஐ. அது பொட்டியில இருக்குற நம்பரோட ஒத்துப் போகுதான்னு பாரு. அப்புறம் ஐஎம்ஈஐனு எழுதி, எடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுகிட்ட அந்தப் போன் பதிஞ்சிருக்கான்னு தெரியும். பொண்ணு பாக்கப் போறப்போ கோத்திரம் விசாரிக்கிற, போனுக்கு விசாரிச்சா கொறஞ்சு போயிருவியா?

இன்னொண்ணு. ரெண்டு வருசம் போனதும் பேட்டரி உப்பலாம். அப்போ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எவனோ பேரு தெரியாத பேட்டரியச் சல்லிசாப் போட்டுத் தருவான். மேல சாம்சங்னு அழகா ஒட்டியும் இருக்கும். அது பத்துனா, நீ 'சாம்சங் வெடிச்சிருச்சு'ன்னு ஊரெல்லாம் சொல்லுவ. பாவம், கொரியாக்காரனுக்கு அது தெரியவே தெரியாது. உப்புன போனைச் சார்ஜ்ல போடாத. தலகாணிக்குக் கீழ வெச்சுட்டுத் தூங்காத. லயம் பூரா ஒரே கூரை. ஒரு காம்பராவுல புடிச்சா உன் ரோசம் பக்கத்து வீட்டையும் சேர்த்துத்தான் எரிக்கும்.

உங்க அப்பாயிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாங்குற போன் எதுவா இருந்தாலும், தப்பைத் தானே சொன்னவன், சாமானைத் திருப்பி வாங்கினவன், பதிலுக்கு ஒண்ணு குடுத்தவன், ஏன் ஆச்சுன்னு கடைசி வரைக்கும் தோண்டிப் பாத்தவன், அவனை நம்பலாம். தப்பே செய்யாத கம்பெனின்னு எவனாவது சொன்னா, அவன் இன்னும் மாட்டலன்னு எடுத்துக்கோ. கேட்டா பில்லு குடுக்கணும்னு 2003ஆம் வருசத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கு. தரமாட்டேன்னா அந்தச் சபையோட 1977 நம்பருக்கு அடி. அந்த நம்பரை அடிக்கக் கூச்சப்படுறவன் போன் வாங்கி என்னத்துக்கு?