சண்டைக்குப் பிந்தி வந்த கப்பல்

1945இல் மலாயாவைப் பிடிக்க வந்த படையின் தலைமைக் கப்பல் புலோலோ. பிறவியில் அது சண்டைக்காரி அல்ல. 1938இல் ஸ்காட்லாந்தில் கட்டி, சிட்னிக்கும் பப்புவா நியூகினிக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய பயணிகள் கப்பல். யுத்தம் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படை அதைப் பிடித்துப் பீரங்கி மாட்டியது. 1942இல் மறுபடி வேஷம் மாறியது. படை கரையேறும்போது அட்மிரலும் ஜெனரலும் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்து உத்தரவு போட ஒரு மிதக்கும் ஆபீஸ்!

அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் அதன் லட்சணம் தெரிந்தது. பக்கத்தில் விழுந்த குண்டு, எஞ்சின் அறைக்கு உத்தரவு அனுப்பும் கருவியைக் கெடுத்துவிட்டிருந்தது. மேலே கேப்டன் ‘பின்னே எடு’ என்கிறார், கீழே ஒருவருக்கும் எட்டவில்லை. கப்பல் வந்த வேகத்தில் சேற்றுத்திட்டில் ஏறி, படித்துறையில் முட்டி நின்றது. நல்லவேளை, சேறு காப்பாற்றியது. அப்புறம் சிசிலி, அன்சியோ, நார்மண்டி என்று சுற்றிவிட்டு நம் பக்கம் வந்தது.

மலாயாக் கரையில் மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் இறங்குவதென்று பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் போட்ட திட்டத்துக்கு ‘ஆபரேஷன் ஸிப்பர்’ என்று பெயர். ஆகஸ்ட் 15இல் ஜப்பான்காரன் கையைத் தூக்கிவிட்டான். ஆனால் டோக்கியோ குடாவில் கையெழுத்தாகும்வரை எவனும் கரையேறக் கூடாதென்று அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் துரை தடுத்துவிட்டார். செப்டம்பர் 3இல் பினாங்கு, 5இல் சிங்கப்பூர். ரெண்டும் கைக்கு வந்த பிறகு, 9ஆம் தேதி மோரிப்பில் ‘படையெடுப்பு’! கப்பலில் ஏற்றியதை எங்கேயாவது இறக்கத்தானே வேண்டும்?

எதிர்க்க ஒரு ஜப்பான்காரனும் இல்லை. சேறு எதிர்த்தது. லாரிகள் அச்சுவரை இறங்கி அப்படியே நின்றுவிட்டன. இத்தனைக்கும் சில மாதம் முன்பே இருட்டில் ஆள் அனுப்பிக் கரையைச் சோதித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடலுக்குக் குளிக்கப் போகும் நம்மாட்கள்கூட வேனை மேட்டில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். எதிரே துப்பாக்கி இருந்திருந்தால் அன்றைக்கு இது சிரிக்கிற கதையாக இருந்திருக்காது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போன தோட்டத்து ஆட்களில் பலர் திரும்பவே இல்லை. லயங்களில் மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டை டின்னில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். திரும்பி வந்த வெள்ளைக்காரன் அது செல்லாது என்றுவிட்டான். புலோலோ பழையபடி பயணிகளை ஏற்றப் போனது. 1968இல் அதைப் பழைய இரும்பு விலைக்கு உடைக்கக் கொடுத்தார்கள். டின்னில் இருந்த நோட்டுக்கு அந்த விலையும் வரவில்லை.