காணி அங்கே, உறுதி எங்கே?

கேள்வி: கிளிநொச்சியிலுள்ள எங்கள் காணிக்கு, ரோமில் உலக நாடுகள் எழுதிய நில உரிமை நெறிகளால் என்ன பயன்?
– வாசகர், லா சப்பல், பாரிஸ்

பதில்: 2012இல் உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்ற அந்த நெறிகள் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தா. வேலி போட்டுத் தரா. வேலியை நகர்த்துபவரிடம் கேட்கக் கேள்விகள் தரும். போரில் இடம்பெயர்ந்தவரின் உரிமையும் அவற்றில் உண்டு.

அந்தக் கேள்விகள் ஏன் தேவை என்பதற்கு, 2025 மார்ச்சில் இலங்கை அரசு வெளியிட்ட காணி வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடக்கில் சுமார் 5,940 ஏக்கர்; மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி! போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் காணி உறுதியைத் தொலைத்தவர், பாரிஸில் இரவு வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் வர்த்தமானியை மீளப்பெற்றது. இப்படி இன்னொன்று வந்தால் காட்ட, காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் பிரதியை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள்.