ரயில்வே கேட்டும் பின்னங்காலும்: நீடாமங்கலத்து முதியோர் நடை குறித்த சிற்றாய்வு

நடக்கும்போது ஒரு கால் முன்னே ஊன்ற, மற்றக் கால் பின்னே நீண்டு தரையைத் தள்ளுகிறது. அந்தப் பின்னங்கால் எவ்வளவு தூரம் நீள்கிறதோ, அதைப் பொறுத்தே எட்டின் நீளம் அமைகிறது. அது நீள வேண்டுமானால் இடுப்பின் முன்பக்கத் தசை இளகவேண்டும். கெண்டைக்காலும் இழுபட்டுக் கொடுக்கவேண்டும். வயதாக ஆக இரண்டும் இறுகுகின்றன. அமெரிக்க மருத்துவர் கேசி கெரிகனின் குழு 1998-இல் நோயற்ற முதியவர்களை வேகமாக நடக்கச் சொல்லி அளந்தது. வேகம் கூடியபோதும் இளையோர் அளவுக்கு அவர்கள் இடுப்பு பின்னே போகவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வெண்ணாற்றுப் பாசன வயல்களில் நாற்று நட்ட பெண்கள் முழங்காலை மடிக்காமல் குனிந்து, பின்னால் நகர்ந்தபடியே பகலைக் கழித்தார்கள். களையெடுப்புக்கும் அறுப்புக்கும் அதே குனிவு. வீடு திரும்பினால் வாசல் கூட்டவும் குனிவுதான். இன்று நடவுக்கும் அறுப்புக்கும் எந்திரம் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்போதும் இடுப்பு மடங்கியபடியே. ஆகவே இவர்களிடம் “குனிந்து கால் விரலைத் தொடுங்கள்” என்பது தேவையற்ற போதனை. குனிவில் இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேண்டியது எதிர்த்திசை நீட்டல். (எலும்பு மெலிவால் முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்திருந்தால் கணக்கு வேறு, மருத்துவரிடம் கேட்காமல் பின்னால் வளையக் கூடாது.)

நேரம் இல்லை என்பார்கள். நீடாமங்கலத்தில் இந்த வாதம் செல்லாது. மன்னார்குடிக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு இது. எஞ்சின் திசை மாறவேண்டும். நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயிலுக்கும் பெட்டிகளை நகர்த்தவேண்டும். அதனால் இந்த ஊர் கேட் அடைத்துக் கிடப்பதை அறியாத தஞ்சை–திருவாரூர்ப் பயணி இல்லை. இந்தக் காத்திருப்புக்கு மருத்துவ மதிப்பு உண்டு. 2001-இல் ஃபெலண்ட் என்பவரின் குழு, 65 வயதைத் தாண்டியவர்களின் பின்தொடைத் தசையை 15, 30, 60 விநாடி என நீட்டிப் பார்த்தது. வாரம் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் நான்கு தடவை, ஆறு வாரம். கூடுதல் பலன் 60 விநாடிக்கே. அது பின்தொடைக்கான கணக்கு என்றாலும், அதே கால அளவை இங்கும் எடுத்துக்கொண்டால் ஒரு காலுக்கு நான்கு நிமிடம், இரண்டுக்கும் எட்டு. ஒரு கேட் அடைப்புக்குள் முடிந்துவிடும்.

செய்முறை: சாலையை விட்டு விலகி, கடைச் சுவரையோ கம்பத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். முன் முழங்காலை மட்டும் மடித்து, இடுப்பை மெல்ல முன்னே தள்ளுங்கள். மார்பு குனியக் கூடாது. இழுக்கவேண்டும், வலிக்கக் கூடாது. மூச்சை அடக்க வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

பலனைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். கெரிகன் குழுவே 2003-இல் பத்து வாரம் இடுப்பை நீட்டவைத்துப் பார்த்தபோது கிடைத்த முன்னேற்றம் சிறிதுதான். உட்கார்ந்து எழும் பயிற்சி தரும் வலுவும், ஒற்றைக்காலில் நின்று பெறும் சமநிலையும் சேராமல் தனி நீட்டல் விழுவதைத் தடுக்காது. ஆனால் தசை இளகாத காலுக்கு வலு இருந்தும் எட்டு நீளாது.

முன்னேற்றத்தை அளக்கச் சந்தானராமர் கோயில் பிராகாரம் போதும். ஆறு மீட்டர் அளந்துகொண்டு வழக்கமான நடையில் கடக்கட்டும். ஆறு விநாடிக்கு மேல் ஆனால், ஆசிய முதியோர் தசைநலிவு வல்லுநர்கள் 2019-இல் வகுத்த வரம்பின்படி அது மெதுநடை, கவனிக்கப்பட வேண்டியது.

கேட் வரைகூட வரமுடியாதவர்கள் என்ன செய்வது? 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்தது. பலரும் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், “அப்பாயிக்குக் கால் பின்னாடி போவமாட்டேங்குது, பிசியோ வந்து பாக்கணும்மா” என்று கேட்டு, பெயரைப் பதிந்துகொண்டாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.