உப்பு யார் பட்டியலில்?

(கூனிமேடு டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரே உறையில் வந்த கேள்விகள்)

நம்ம அரசியல் சட்டத்தை இதுவரை எத்தனை தடவை மாத்தியிருக்காங்க?

2023 வரை 106 திருத்தங்கள். அமெரிக்காவில் மொத்தமே 27. அந்த 27-ஆவதும் 1789-இல் கிளம்பி 1992-இல்தான் கரை சேர்ந்தது. நம்முடையது ஒன்றரை வயது முடியும் முன்பே முதல் திருத்தம் கண்டுவிட்டது. காரணங்களில் ஒன்று நம் சென்னை.

நாமளா? என்ன செஞ்சோம்?

கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிராமணருக்கு 2 என்று பங்கு பிரித்த வகுப்புவாரி அரசாணை இங்கே இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. (மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது!) பெரியார் தெருவில் இறங்கினார், தமிழ்நாடு கொதித்தது. ஜூன் 18-இல் அந்த முதல் திருத்தத்தின் வழியே 15(4) பிரிவு பிறந்தது. இன்றைய இடஒதுக்கீட்டுக்குக் கால்கோள் அது.

காலாப்பட்டு வந்தா போர்டும் மாறுது, பாட்டில் விலையும் மாறுது. யார் போட்ட கோடு?

பிரெஞ்சுக்காரன் போட்டது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் சாவி நம் கைக்கு வந்தது, கிரயப் பத்திரம் 1962 ஆகஸ்ட் 16-இல். அந்த ஆண்டே 14-ஆவது திருத்தம் அதை யூனியன் பிரதேசமாக எழுதிக்கொண்டது. விலை வித்தியாசத்துக்கு நன்றி சொல்லியபடி ஈசிஆரில் எதிரே வருபவர்களைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நடக்கவும்.

உப்பு நாங்க வார்றோம். அதிகாரம் யாருக்கு?

டெல்லிக்கு. மத்தியப் பட்டியலில் 58-ஆவது இனம். மீன் கதை இன்னும் வேடிக்கை: கரையோரம் நீந்தினால் மாநிலப் பட்டியல் 21, இந்தியாவின் கடல் எல்லையைத் தாண்டினால் மத்தியப் பட்டியல் 57. மீனிடம் யாரும் சொல்லவில்லை போலும். பட்டியலும் மாறும். கல்வியை மாநிலத்திடமிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது 1976-இன் 42-ஆவது திருத்தம். இப்படிப் பட்டியலில் கைவைக்கப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். அப்போது தமிழகத்தில் சட்டமன்றமே இல்லை. ஜனவரியிலேயே ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில் பாகப்பிரிவினை!

மெஜாரிட்டி இருந்தா மொத்தத்தையும் மாத்திடலாமா?

அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 13 நீதிபதிகள், 7-க்கு 6. நூலிழை! மழை முடிந்ததும் நீங்கள் வரப்பைத் திருத்தலாம், பாத்தியை மிதித்துச் சீராக்கலாம். பாத்தியையே தூர்த்து பிளாட் போட்டால் அதற்குப் பெயர் பராமரிப்பா? எது அடிப்படைக் கட்டமைப்பு என்பதற்கு முழுப்பட்டியல் கிடையாது. வழக்கு வர வர நீதிமன்றம் சொல்லும்.

என் மச்சினி ஊர்ல தலைவர் ஒரு அம்மா. நாற்காலியில உட்கார்றது அவங்க வீட்டுக்காரர். இதுக்குத் திருத்தம் உண்டா?

ஊராட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்த 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் ஒரு ஏப்ரல் 24-தான், 1993-இல். 2016-இல் தமிழ்நாடு அந்தப் பங்கை மொத்த இடங்களில் பாதியாக உயர்த்தியது. வீட்டுக்காரரை எழுப்பிவிட 106-இல் ஒன்றும் இல்லை. அடுத்த கிராமசபையில் மச்சினியையே கேட்கச் சொல்லுங்கள்.