கிம் பெயர் போட்ட வில்

அன்புள்ள மாமாவுக்கு,

உல்சானிலிருந்து சீனு எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு உங்க நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

ஒரு தீர்ப்பு கேட்டுத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கலாம். ஆனால் கடைக் கூச்சலில் பாதியைக் கேட்டுவிட்டுக் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவீங்க. இது அப்படி முடிகிற வழக்கு இல்லை.

நான் ஒரு செகண்ட் ஹேண்ட் வில் வாங்கியிருக்கிறேன். அதில் பழைய சொந்தக்காரர் பெயர் இருக்கிறது. அழிக்கலாமா, கூடாதா? பெரும்புதூரில் எத்தனையோ கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிய கை உங்க கை. இந்த விஷயத்தில் உங்களை விட்டால் எனக்கு வேறு கோர்ட் கிடையாது.

"கார் பாகம் செய்யப் போனவனுக்கு வில் எதற்கு?" என்று அப்பா போனிலேயே கேட்டுவிட்டார். நீங்களும் கேட்பீங்க. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ், கூட்ரோடு நெரிசல், வீடு, தூக்கம். இங்கே ஷிப்ட் முடிந்தால் ஊர் அமைதியாகிவிடுகிறது. பக்கத்து அறை ஆள் மீன் பிடிக்கப் போகிறான், எதிர் அறை ஆள் மலை ஏறப் போகிறான். "உனக்கு என்ன பழக்கம்?" என்று என்னைக் கேட்டால், டீக்கடையில் நிற்பது என்று எப்படிச் சொல்வது? நின்று பார்க்கலாம் என்றால் அந்த மாதிரி டீக்கடையும் இல்லை. நம்மூரில் கொரிய மேனேஜர் ரசத்தைப் பார்த்து முழிப்பதை மறைந்து நின்று பார்த்துச் சிரித்தோமே, அந்தப் பாவம் இப்போது காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கிம்ச்சி வடிவில் என் தட்டுக்கு வருகிறது.

வில்லுக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்ம இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோவை இறக்கிய ஹூண்டாய்க்கு இந்த உல்சான்தான் தாய்வீடு. 1968-லிருந்து இங்கே வண்டி செய்கிறார்கள். வில்வித்தைக்குப் படியளப்பதும் அந்த வீடுதான். 1985-ல் சுங் மோங்-கூ கொரிய வில்வித்தைச் சங்கத்தின் தலைவரானார். 2005 முதல் அவருடைய மகன் சுங் யூய்-சன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தொடங்கி 2024 பாரிஸ் வரை பெண்கள் அணிப் போட்டியில் தங்கத்தை வேறு நாட்டுக்கு விட்டதே இல்லை, பத்து முறையும் கொரியாதான். பாரிஸில் இருந்த ஐந்து தங்கத்தையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். வீரர்களுக்கு அம்பு பொறுக்கவே அந்தக் கம்பெனி ஒரு மெஷின் செய்து கொடுத்திருக்கிறது. மெஷின் எய்யும், குறி விலகுகிற அம்பு ரிஜெக்ட். குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்க்கிற எனக்கு இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

நான் சேர்ந்தது ஒலிம்பிக் வகை இல்லை, பழைய நாட்டு வில். குறி பார்க்கக் கண்ணாடியோ கம்பியோ கிடையாது. கட்டைவிரலில் ஒரு வளையம் மாட்டி நாணை இழுக்க வேண்டும். பலகை 145 மீட்டர் தள்ளி நிற்கிறது. ஆளைவிட உயரமான பலகைதான், ஆனால் அங்கிருந்து பார்த்தால் நம்ம கடை விசிட்டிங் கார்டு அளவுக்குத்தான் தெரியும். அசல் வில்லை எருமைக்கொம்பு, மூங்கில், மாட்டு நரம்பு, மீன் பசை எல்லாம் சேர்த்துச் செய்கிறார்கள். அதன் விலையைக் கேட்டதும் நான் ஃபைபர் வில்லுக்கு இறங்கினேன். புது ஃபைபர் வில்லின் விலையைக் கேட்டதும் பழசுக்கு இறங்கினேன்.

பழைய சாமான் விற்க இங்கே ஒரு ஆப் இருக்கிறது, அடையாளத்துக்குக் கேரட் படம் போட்டிருக்கும். அதில் ஒரு காலேஜ் பையன் எண்பதாயிரம் வானுக்குக் கொடுத்தான். பயப்படாதீங்க, நம்ம காசுக்கு ஐயாயிரம் சொச்சம். அறைக்குக் கொண்டுவந்து உறையைக் கழற்றினால் கைப்பிடிக்கு மேலே கறுப்பு மையில் மூன்று எழுத்து. முதல் எழுத்து 'கிம்'. மற்ற இரண்டும் கை பட்டுத் தேய்ந்துவிட்டன. பையனைக் கேட்டேன். "எனக்கு வரும்போதே இருந்தது" என்றான். ஆக நான் குறைந்தது மூன்றாவது ஆள்.

கிம் யார் என்று தேடுவது பெரும்புதூரில் நின்றுகொண்டு "சீனிவாசன் யார்?" என்று கேட்பதற்குச் சமம். இந்த நாட்டில் ஐந்தில் ஒருவர் கிம். கிம், லீ, பார்க் மூன்றையும் கூட்டினால் பாதி ஜனத்தொகையை நெருங்கிவிடும். எங்கள் மைதானத்தில் "கிம்" என்று கூப்பிட்டால் நாண் இழுத்த நிலையில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

இதுவரை பிரச்சினை இல்லை. பிரச்சினை கல்லில் இருக்கிறது. மைதானத்தின் வாசலில் வில்லாளிக்கு ஒன்பது கட்டளை வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்போடு இரு, பணிவோடு இரு, எய்யும்போது பேசாதே, ஜெயித்தவன் மேல் மனக்குறை வைக்காதே என்று எல்லாம் நல்ல விஷயம். ஒன்பதாவது கட்டளை: அடுத்தவன் வில்லை இழுக்காதே.

நான் கிம் பெயர் போட்ட வில்லோடு போய் நின்றேன். மைதானத் தலைவரை இங்கே 'சாது' என்கிறார்கள், ஆள் அப்படியில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், என் வயதைக் கேட்டார் (யாரைப் பார்த்தாலும் இங்கே முதலில் வயதைக் கேட்பார்கள், மரியாதையை அளந்து போட வேண்டுமே). பிறகு வில்லைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "இது யாருடையது?"

"என்னுடையது."

"கிம் என்று எழுதியிருக்கிறதே?"

அவ்வளவுதான், மைதானம் இரண்டு கட்சியாகிவிட்டது. பணம் கொடுத்தாயிற்று, இவன் வில்தான் என்றது ஒரு கட்சி. பெயர் இருக்கும்வரை கிம்முடைய வில்தான், உப்புக்காகிதத்தால் தேய்த்துவிட்டு வரட்டும் என்றது இன்னொரு கட்சி. அதற்குள் ஒரு பெரியவர், மனிதன் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ, அவன் பெயரைத் தேய்ப்பதா என்று கோபப்பட்டார். சமாதானமாக, கிம்முக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிடுகிறேன் என்று ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தேன். பேச்சு நின்றுவிட்டது. சாது பேனாவைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். உயிரோடிருக்கிறவன் பெயரை இங்கே சிவப்பில் எழுதக் கூடாதாம், ஆகாதாம். நம்ம வீட்டுப் பத்திரிகையில் மணமகன், மணமகள், தாய்மாமன், நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும் வரை சிவப்பில்தான் அச்சடித்தோம் என்பதை நான் சொல்லவில்லை.

நான் வேறு வழியில் வாதாடினேன். இங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய 'சம்குக் யூசா' என்ற நூலில் ஒரு கதை: கி.பி. 48-ல் அயுத்தா என்ற தேசத்திலிருந்து ஒரு இளவரசி கப்பலில் வந்து கயா நாட்டு ராஜா கிம் சூரோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். உல்சானுக்குக் கொஞ்சம் தென்மேற்கே கிம்ஹே ஊரில் இருவர் சமாதியும் இருக்கின்றன. அந்த வழியில் வந்த கிம்கள் மட்டும் நாற்பது லட்சத்துக்கு மேல். அயுத்தா என்றால் அயோத்தி என்று சொல்லி அங்கே நினைவிடமே கட்டியிருக்கிறார்கள். இல்லை, அவள் தமிழச்சி என்று நம்மூர் யூடியூப் சொல்கிறது. எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது, ராஜா சூரோவே தங்க முட்டையிலிருந்து பிறந்தவர் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆனால் வாதத்துக்கு உதவும் அல்லவா? "கிம் எங்களுக்கு அந்நியர் இல்லை, பெண் கொடுத்த சம்பந்தி வீடு" என்றேன். சாதுவும் கிம்ஹே கிம்தான். யோசித்துவிட்டு, "அப்படியானால் பெண் வீட்டார் எங்களுக்குத்தான் சீர் தர வேண்டும், நீ வில்லை எடுத்துக்கொண்டு போகிறாயே" என்றார். கேஸ் என் தலையில் திரும்பிவிட்டது.

மாமா, எனக்கென்னவோ வில் என்றாலே செகண்ட் ஹேண்ட்தான். ராமர் முறித்தது சிவனுடைய வில், ஜனகர் வீட்டில் பரம்பரையாக இருந்தது. பிறகு கையில் வாங்கினது பரசுராமரிடமிருந்து. அது விஷ்ணுவிடமிருந்து ரிசீகர், ஜமதக்னி என்று கை மாறி வந்தது. அர்ஜுனனுடைய காண்டீபத்தைக் கேட்கவே வேண்டாம். வன்னி மரத்திலிருந்து ஆயுதத்தை இறக்கிய உத்தரன் ஒவ்வொரு வில்லாகக் காட்டி இது யாருடையது, அது யாருடையது என்று சாது மாதிரியே கேட்கிறான். அர்ஜுனன் ஆர்.சி. புத்தகம் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான்: பிரம்மா 1000 வருடம், பிரஜாபதி 503, இந்திரன் 85, சந்திரன் 500, வருணன் 100. அப்புறம் அர்ஜுனன், ஆறாவது ஓனர். கடைசியில் அக்னி வந்து கேட்க, அதையும் வருணனிடமே திருப்பி ஒப்படைத்தான். யாரும் உப்புக்காகிதம் போட்டதாகத் தெரியவில்லை.

அம்பு விஷயம் வேறு. நீங்க ஏன் பாத்திரத்தில் பெயர் வெட்டுறீங்க? அது வீட்டைவிட்டு வெளியே போகிற சாமான். சாம்பாரோடு பக்கத்து வீட்டுக்குப் போகும், மண்டபத்துக்குப் போகும், திரும்பி வர வேண்டும். கீழடியிலும் கொடுமணலிலும் பானை ஓட்டில் பெயர் கீறி வைத்தவர்களுக்கும் அந்தக் கவலைதான் இருந்திருக்கும். அம்பும் அப்படித்தான். ஆளுக்கு ஐந்தாக எய்கிறோம், எல்லாம் ஒரே பலகைப் பக்கம் போய்க் கிடக்கும். பொறுக்கி, மோட்டார் வைத்த கம்பிவடத்தில் மாட்டி இந்தப் பக்கம் அனுப்புகிறார்கள் (அதைப் பார்த்தால் எனக்கு அசெம்ப்ளி லைன் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும்). பெயரும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணும் இல்லாவிட்டால் எது யாருடையது? உலகப் போட்டிச் சட்டத்திலேயே அம்பில் வீரரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம்ம கம்பர் அதை என்றைக்கோ எழுதிவிட்டார்: நெஞ்சில் பாய்ந்த அம்பைப் பிடுங்கி வாலி அதில்தானே ராமன் பெயரைப் படிக்கிறான்? வில்லில் பெயர் இருந்து வாலிக்கு என்ன பிரயோஜனம்? வில் கையை விட்டுப் போவதில்லை. செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியது அம்பு.

இதைச் சொன்னதும் சாது கொஞ்சம் இறங்கினார். "உங்கள் ஊரில் இதையெல்லாம் யார் முடிவு செய்வார்கள்?" என்று கேட்டார். "எங்கள் மாமா" என்றேன். "அவரைக் கேள். அதுவரை மைதானத்து வில்லை இழு, அது யாருடையதும் இல்லை" என்று சொல்லிவிட்டார். எனவே கிம் வில் உறைக்குள் இருக்கிறது.

அத்தை வீட்டுப் பித்தளைக் குடம் ஞாபகம் இருக்கிறதா? பாட்டி பெயர், அதற்குக் கீழே அத்தை பெயர், அதற்கும் கீழே நீங்களே வெட்டிய உங்க மருமகள் பெயர். பழசை அழித்துவிட்டு வெட்டுங்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. என் கட்சி அதுதான்: கிம் மேலே இருக்கட்டும், நான் கீழே. ஆனால் குடத்துக்கு ஒரு சட்டம், வில்லுக்கு ஒரு சட்டம் என்று நீங்க சொன்னாலும் கட்டுப்படுகிறேன். கடை லெட்டர்பேடில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்புங்க. இவர்களுக்கு முத்திரை என்றால் தனி மரியாதை. சிவப்பு இங்க் வேண்டாம்.

இன்னொன்று. அம்புக்குப் பெயர் எழுத ஆர்டர் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் அப்பா பெயர் ஏறியிருப்பதால் இங்கே எல்லாருக்கும் நான் பக்தவத்சலம்தான். அம்பில் மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லை என்று வெட்டி வெட்டி முதல் எழுத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்: 'பக்'. நம்மூர்ப் பேப்பரில் 'பார்க்' என்று போடுகிறார்களே, அந்தப் பெரிய வம்சத்தின் எழுத்து அதுவேதான். அவர்களுடைய முதல் ராஜாவும் முட்டையிலிருந்து வந்தவராம். அப்பாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்க. நான் சொன்னால் ஐந்து அம்புக்கு எவ்வளவு செலவு என்றுதான் முதலில் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்,
சீனு